இன்னும் சற்று உரக்கப் பேசவும்

புக்கிட் பாத்தோக்
6 மே 2025

ஆசிரியை ருக்ஸானா அவர்களுக்கு,

வணக்கம். அதைச் சொல்லாமல் கடிதம் தொடங்கக் கூடாது என்பதால் சொல்கிறேன்.

நான் தனசேகரன். உங்கள் உயர்நிலை நான்கு தமிழ் வகுப்பில் படிக்கும் வைதேகியின் அப்பா. மின்னஞ்சல் அனுப்புங்கள், இல்லாவிட்டால் செயலியில் எழுதுங்கள் என்று பள்ளி அலுவலகத்தில் சொன்னார்கள். வேண்டாம். உங்கள் கணினியில் எதைப் போட்டாலும் இருபத்து நான்கு பேர் பார்க்கிறார்கள். அதனால்தான் தாளில் எழுதி, உறையை ஒட்டி, கையோடு கொண்டுவந்து கொடுத்திருக்கிறேன். பதிலும் தாளிலேயே, தபாலில் வரட்டும். என் மகளிடம் கொடுத்து அனுப்பாதீர்கள்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். என் வீட்டில் அது எப்படி வந்து விழுந்தது என்பது தெரியாது. வாய்மொழித் தேர்வுக்குப் பயிற்சி என்று, 'யாரிடமும் சொல்லாத ஒன்றைப் பற்றி இரண்டு நிமிடம் பேசிப் பதிவு செய்யுங்கள்' என்றீர்கள். மனப்பாடம் செய்தது வேண்டாம், உண்மையைப் பேசுங்கள், நான் மட்டும்தான் கேட்பேன் என்றும் சொன்னீர்களாம். அவள் நம்பிவிட்டாள்.

பிப்ரவரியில் கப்பல் பட்டறையில் ஆட்குறைப்பு செய்து என்னை அனுப்பிவிட்டார்கள். பத்தொன்பது வருட வேலை. வீட்டில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தினமும் காலை ஆறரைக்குப் பழைய அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, என் மனைவி சாமுண்டீஸ்வரி கட்டிக்கொடுத்த சாப்பாட்டோடு கிளம்புவேன். மேற்கே துவாஸுக்குப் போக வேண்டியவன் கிழக்கே தேக்காவுக்குப் போய், உணவங்காடியில் ஒரு மேசையில் உட்கார்ந்து வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்தேன். மார்ச்சில் நீங்கள் பிள்ளைகளை அந்தப் பக்கம் மரபுடைமை நிலையத்துக்கு அழைத்து வந்த அன்று வைதேகி என்னைப் பார்த்திருக்கிறாள். எனக்குத் தெரியாது. அதைத்தான் பதிவில் பேசியிருக்கிறாள். வகுப்பு முழுக்கக் கேட்டது. சாமுண்டீஸ்வரிக்கு அவள் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் கூட வேலை செய்யும் ஒரு பெண், 'இது உங்க மக குரல்தானே?' என்று கைபேசியில் போட்டுக் காட்டியிருக்கிறார்.

சாமுண்டீஸ்வரி எனக்கும் போட்டுக் காட்டினாள். முப்பது வினாடிக்கு மேல் என்னால் கேட்க முடியவில்லை, நிறுத்திவிட்டேன். பதிவோடு வந்த திரை நகலில் உங்கள் குறிப்பும் இருந்தது. 'சரளமான பேச்சு. இன்னும் சற்று உரக்கப் பேசவும். 25க்கு 21.' என் மானத்துக்கு இருபத்தொன்று மதிப்பெண். நான் படித்த காலத்தில்கூட இவ்வளவு வாங்கியதில்லை.

வைதேகி இப்போது தமிழில் வாயே திறப்பதில்லை, வீட்டிலும் சரி, வகுப்பிலும் சரி. ஜூலையில் தேர்வு. இது எப்படி நடந்தது என்று எனக்குத் தெரிய வேண்டும்.

தனசேகரன்


9 மே 2025

மதிப்பிற்குரிய திரு தனசேகரன்,

தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது. இணையக் கற்றல் தளத்தில் ஏற்பட்ட தொழில்நுட்பக் கோளாறின் காரணமாக, தங்கள் மகளின் ஒலிப்பதிவை வகுப்பின் பிற மாணவர்களும் கேட்க நேர்ந்தது என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். பதிவு உடனடியாக நீக்கப்பட்டுவிட்டது. அதைப் பகிர வேண்டாம் என்று மாணவர்களுக்கு அறிவுறுத்தப்பட்டுள்ளது. வைதேகி விரும்பினால் பள்ளி ஆலோசகரைச் சந்திக்க ஏற்பாடு செய்யப்படும்.

தங்கள் புரிந்துணர்வுக்கு நன்றி.

ருக்ஸானா
(தாய்மொழித் துறைத் தலைவர் திரு ரகுபதி அவர்களின் பார்வைக்குப் பின் அனுப்பப்படுகிறது)


13 மே 2025

ஆசிரியை அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தை நீங்கள் எழுதவில்லை. கையெழுத்து மட்டும் உங்களுடையது.

எனக்குப் புரிந்துணர்வு இருக்கிறது என்று யார் சொன்னது? நான் கும்பகோணத்தில் டிப்ளமோ படித்துவிட்டு இங்கே வந்து, பட்டறையில் மின்பிரிவில் மேற்பார்வையாளராக இருந்தவன். கோளாறு என்ற வார்த்தையை நானே ஆயிரம் அறிக்கையில் எழுதியிருக்கிறேன். யாரையாவது காப்பாற்ற வேண்டும் என்றால்தான் அதை எழுதுவோம்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. ஓர் இயந்திரத்தில் கை வைக்கும் முன் அதன் சுவிட்சை அணைத்து, அவரவர் சொந்தப் பூட்டை அதில் மாட்டுவோம். பூட்டில் அவரவர் பெயரும் படமும் உள்ள அட்டை தொங்கும். உள்ளே ஆள் இருக்கும்போது யாரும் சுவிட்சைப் போட்டுவிடக் கூடாதே. மாட்டியவனைத் தவிர வேறு யாரும் அதைத் திறக்க முடியாது. விபத்து நடந்தால் முதல் கேள்வியே, 'பூட்டில் யார் பெயர்?' என்பதுதான். நானும் அதையே கேட்கிறேன்.

உங்கள் கோளாறு இப்போது என்ன செய்திருக்கிறது தெரியுமா? வகுப்பில் கணினி தெரிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். கோளாறு என்றால் எல்லாப் பள்ளிக்கும் வந்திருக்குமே என்று பேசிக்கொள்கிறார்களாம். ஆகவே வைதேகியே வேண்டுமென்று எல்லாரும் கேட்கும்படி போட்டுவிட்டாள், 'அட்டென்ஷன் வேணும்லா அவளுக்கு' என்று முடிவு கட்டிவிட்டார்கள். என் மனைவியிடம் அவள் அழுதுகொண்டே ஆங்கிலத்தில் சொன்னது இது. என்னிடம் சொல்லவில்லை. நானும் அவளும் பேசிக்கொள்வதில்லை.

தனசேகரன்


உட்லண்ட்ஸ்
19 மே 2025

அன்புள்ள ஐயா,

இதை யாருக்கும் காட்டாமல் என் வீட்டிலிருந்து எழுதுகிறேன்.

பூட்டில் என் பெயர்தான். அதற்கு முந்தைய வாரம் குழுக் கலந்துரையாடலுக்காக ஒரு பயிற்சி செய்திருந்தேன். ஒருவர் பேசியதை மற்றவர்கள் கேட்டுப் பதில் சொல்ல வேண்டும், அதனால் எல்லாரும் கேட்கும்படி வைத்திருந்தேன். புதிதாக ஒன்று செய்ய நேரமில்லாமல் அதையே நகலெடுத்துத் தலைப்பை மட்டும் மாற்றினேன். யார் கேட்கலாம் என்ற இடத்தை மாற்ற மறந்துவிட்டேன். ஒரே ஒரு சொடுக்குதான். எல்லாருடைய பதிவும் திறந்துதான் கிடந்தது; மற்றவர்கள் மனப்பாடம் செய்ததையே பேசியதால் வைதேகியுடையதை மட்டும்தான் பிள்ளைகள் கேட்டுப் பரப்பினார்கள். தளத்தில் எந்தக் கோளாறும் இல்லை.

விஷயம் தெரிந்ததும் திரு ரகுபதியிடம் ஓடினேன். அவர் கெட்டவர் இல்லை. "நீ இப்பத்தான் வந்திருக்கே, ஜூனில உன்னோட கன்ஃபர்மேஷன். இத நான் பாத்துக்கிறேன், நீ ஒண்ணும் பேசாதே" என்றார். எனக்கு அப்போது அது பெரிய ஆறுதலாக இருந்தது. வெட்கத்தோடுதான் எழுதுகிறேன், அன்று இரவு வயிறாரச் சாப்பிட்டேன்.

நான் ஜனவரியில்தான் வேலையில் சேர்ந்தேன். பிரசவ விடுப்பில் போன ஓர் ஆசிரியைக்குப் பதிலாக உயர்நிலை நான்கை என்னிடம் கொடுத்தார்கள். நல்ல நாள்களும் இருந்தன. தமிழ் என்றாலே மேசையில் தலையைச் சாய்க்கும் பிள்ளைகள் ஒருநாள் மணி அடித்த பிறகும் விவாதம் செய்துகொண்டிருந்தார்கள். அன்று நிலையம் வரை கால் தரையில் படாமல் நடந்தேன். மறுநாளே, நான் பேசும்போது பின்வரிசை முழுக்கச் சிரித்தது, எதற்கென்று இன்றுவரை தெரியாது. ரயிலில் அழுவேன், கிராஞ்சி நிலையம் வந்ததும் முகத்தைத் துடைத்துக்கொள்வேன், அடுத்த இரண்டு நிலையத்தில் வீடு வந்துவிடும் என்பதால். பிள்ளைகள் உண்மையைப் பேச வேண்டும் என்று நான் ஆசைப்பட்டது பொய் இல்லை ஐயா.

உங்களிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். இது நமக்குள் இருக்கட்டும் என்று கெஞ்சிக் கேட்கிறேன். இந்த வேலையைத் தவிர எனக்கு வேறு எதுவும் தெரியாது, வேறு எதையும் நான் விரும்பியதும் இல்லை.

ருக்ஸானா


22 மே 2025

ஆசிரியைக்கு,

நமக்குள் இருக்கட்டும் என்கிறீர்கள். நன்றாக இருக்கிறது. என் விஷயம் ஊருக்குத் தெரியலாம், உங்கள் விஷயம் உறைக்குள் இருக்க வேண்டும்.

வேலை போய்விடும் என்ற பயத்தைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்காதீர்கள். மூன்று மாதம் அந்த அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தவன் நான். நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கும் மேசை எனக்குப் பழக்கமான மேசைதான். அதில் உட்கார்ந்தால் நாளுக்கு நாள் எழுந்திருப்பது கடினமாகும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

என்னிடம் சொல்லி என்ன பயன்? என் மகள் மீது பழி போட்ட இருபத்து மூன்று பேரிடம் சொல்லுங்கள். அவள் முன்னால் சொல்லுங்கள். மே முப்பதாம் தேதியோடு பள்ளி விடுமுறை. அதற்குள் நீங்கள் சொல்லாவிட்டால் உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு பள்ளி முதல்வரைப் பார்ப்பேன். மிரட்டல்தான், வேறு பெயர் சொல்ல விரும்பவில்லை.

நான் அவளிடம் ஏன் பேசவில்லை என்று சாமுண்டீஸ்வரி தினமும் சண்டை போடுகிறாள். என்ன பேசுவது? என் கண்ணைப் பார்த்து, 'இன்னைக்கு வேலை எப்படிப்பா?' என்று ஒன்றும் தெரியாதவள்போல் தினமும் கேட்டவள். நானும் முட்டாள் மாதிரி கதை சொல்லிக்கொண்டிருந்தேன். என்னை வைத்து வேடிக்கை பார்த்திருக்கிறாள். அதுதான் எனக்கு ஆறவில்லை.

தனசேகரன்


30 மே 2025

ஐயா,

இன்று காலை முதல் பாடவேளையில் சொல்லிவிட்டேன்.

நேற்றே பேசிப் பார்த்தேன், ஒப்பித்தும் பார்த்தேன். வகுப்பில் நின்றதும் எல்லாம் போய்விட்டது. "வைதேகியோட பதிவ எல்லாரும் கேக்கிற மாதிரி வச்சது நான். அவ இல்ல, சிஸ்டமும் இல்ல. நான் மட்டும்தான் கேப்பேன்னு சொல்லிட்டு, மாத்த மறந்துட்டேன். அப்புறம் பயத்துல கோளாறுன்னு பொய் சொன்னேன்" என்றேன். திவ்யதர்ஷினி என்ற மாணவி, "அப்போ வைதேகி போடலையா டீச்சர்?" என்று கேட்டுவிட்டு அழத் தொடங்கினாள். பதிவை முதலில் வெளியே அனுப்பியது அவள்தானாம். வைதேகி நிமிர்ந்தே பார்க்கவில்லை.

திரு ரகுபதியிடம் நானே போய்ச் சொன்னேன். "லெட்டர்ல ஒண்ணு, க்ளாஸ்ல ஒண்ணு சொன்னா நான் எங்க நிக்கிறது ருக்ஸானா?" என்றார். அவர் கேட்டதும் நியாயம்தான். முதல்வருக்கும் தெரிந்துவிட்டது. நீங்கள் யாரையும் பார்க்க வேண்டியதில்லை.

இனி எழுதப்போவதை நீங்கள் கேட்கவில்லை. ஆனால் சொல்லாமல் விட்டால் நான் சொன்னது பாதிதான்.

மதிப்பெண் போட்டபோது நான் வைதேகியின் பதிவைக் கடைசிவரை கேட்கவில்லை. எல்லா வகுப்புமாகச் சேர்த்து எழுபது பதிவுகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் முதல் ஒரு நிமிடம் கேட்டு, உச்சரிப்பும் சரளமும் பார்த்து, குறிப்பு எழுதிவிட்டு அடுத்ததற்குப் போனேன். அவள் உங்களைப் பார்த்தாள் என்ற இடம் வரை கேட்டேன், குரல் சன்னமாக இருக்கிறது என்று எழுதினேன். நான் மட்டும்தான் கேட்பேன் என்று சொன்னேன். எல்லாரும் கேட்டார்கள், நான் மட்டும்தான் கேட்கவில்லை.

பதிவை நீக்கும் முன்தான் முழுவதும் கேட்டேன். கடைசிப் பகுதியைத் தாளில் எழுதிக்கொண்டேன். நீங்கள் முப்பது வினாடியில் நிறுத்திவிட்டதாக எழுதியிருந்தீர்கள். அதனால் இன்று வகுப்பு முடிந்ததும் வைதேகியிடம், "இத அப்பாவுக்கு எழுதி அனுப்பலாமா? நீ வேணாம்னா அனுப்ப மாட்டேன்" என்று கேட்டேன். தாளை வாங்கிப் படித்துவிட்டுச் சரி என்று தலையை ஆட்டினாள். அவள் பேசியது இது:

"அப்பா அந்த டேபிள்ல தனியா உக்காந்து அம்மா கட்டின சோத்த சாப்பிட்டாங்க. மணி பத்து கூட ஆகல. பசியில சாப்பிடல, டைம் போகலன்னு சாப்பிட்டாங்கன்னு நெனக்கிறேன். நான் தூணுக்குப் பின்னாடி போயிட்டேன். என்னைப் பாத்தா அவங்களுக்குக் கஷ்டமா இருக்கும்லா. அன்னையிலேருந்து டெய்லி நான் கேப்பேன், 'இன்னைக்கு வேலை எப்படிப்பா?'ன்னு. அப்பா க்ரேன் கதை, அந்த பங்களாதேஷ் அங்கிள் கதை எல்லாம் சொல்வாங்க. பொய்னு எனக்குத் தெரியும். ஆனா சொல்றப்ப மட்டும் அவங்க முகம் பழைய மாதிரி இருக்கும். அதுக்காகத்தான் கேக்கிறேன். அம்மாகிட்டகூட சொல்லல. சாரி டீச்சர், அப்பா பக்கத்து ரூம்ல இருக்காங்க, அதான் மெதுவா பேசுறேன்."

இதற்குத்தான் உரக்கப் பேசவும் என்று எழுதினேன்.

ருக்ஸானா


20 ஜூன் 2025

ஆசிரியை ருக்ஸானா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. பதில் எழுத உட்கார்ந்து நான்கு முறை எழுந்துவிட்டேன்.

அதை நான் தேக்காவில் வைத்துத்தான் படித்தேன், அதே மேசையில். இப்போது ஒளிந்துகொள்ளப் போவதில்லை, பழக்கதோஷத்தில் போகிறேன். அடையாள அட்டையை வீட்டிலேயே விட்டுவிட்டேன். படித்து முடித்ததும் பக்கத்திலிருந்த தூணைத் திரும்பிப் பார்த்தேன். எதிரே தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தவர், "என்னண்ணே, ஒடம்புக்கு முடியலையா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

கோபத்தில் உங்களை என்னென்னவோ எழுதினேன். அதில் எதையும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் கடைசிவரை கேட்காதது நீங்கள் மட்டும் இல்லை, நானும்தான். உங்களுக்காவது எழுபது பதிவுகள் இருந்தன. எனக்கு ஒரே மகள்.

அவளிடம் நேராகப் போய்ப் பேச எனக்குத் துணிச்சல் வரவில்லை. அதனால் மாலையில் அவள் மேசைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, அவள் கேட்காமலேயே அன்றைய வேலை எப்படி என்று சொல்ல ஆரம்பித்தேன், உண்மையை. முதல் நாள், "இன்னைக்கு ரெண்டு எடத்துக்கு மனு போட்டேன். ஒருத்தரும் கூப்பிடல" என்றேன். அவள் புத்தகத்தைப் பார்த்தபடியே இருந்தாள். இரண்டாம் நாள், நேர்முகத்துக்குப் போனதையும், என்னைவிட இருபது வயது சின்னவர் என் சான்றிதழைப் புரட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கியதையும் சொன்னேன். ஐந்து நாள் இப்படிச் சுவரோடு பேசினேன். சாமுண்டீஸ்வரி சமையலறையிலிருந்து எட்டிப் பார்ப்பாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு போய்விடுவாள்.

ஆறாம் நாள், தேக்காவில் இரண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டு வந்துவிட்டேன் என்றேன். "எந்த டேபிள்?" என்றாள். சொன்னேன். "அங்க ஃபேன் காத்தே வராதேப்பா. தள்ளி உக்காரலாம்ல?" என்றாள்.

அந்தப் பதிவு பரவிய பிறகு அவள் பேசிய முதல் தமிழ் அது. தண்ணீர் குடிக்கப் போவதுபோல் எழுந்து போய்விட்டேன்.

ஆனால் தேர்வுக்குப் போவேன் என்று இன்னும் சொல்லவில்லை. முன்பின் தெரியாதவர்கள் முன்னால் தமிழில் பேச முடியாது என்கிறாள். நானும் வற்புறுத்தவில்லை. நீங்களும் வேண்டாம்.

தனசேகரன்


16 ஜூலை 2025

ஆசிரியை அவர்களுக்கு,

நேற்று தேர்வு முடிந்தது. போனாள் என்பது உங்களுக்குத் தெரியும். காலையில் மின்தூக்கிக்குக் காத்திருந்தபோதுகூட, போகிறாளா திரும்புகிறாளா என்று எனக்கு நிச்சயமில்லை. பள்ளி வாசலில் விட்டுவிட்டு எதிரே பேருந்து நிறுத்தத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

மற்றப் பிள்ளைகள் மூன்றரைக்குள் வெளியே வந்துவிட்டார்கள். அவள் வந்தபோது நாலரை. எனக்கு உயிரே போய்விட்டது. உள்ளே பேச முடியாமல் அழுதுகொண்டு எங்காவது உட்கார்ந்துவிட்டாளோ என்று பயந்தேன். கேட்டால், "எக்ஸாம் ஓகேப்பா. அப்புறம் டீச்சர்கிட்ட பேசிட்டு வந்தேன்" என்கிறாள். என்ன பேசினாய் என்றால் தோளைக் குலுக்குகிறாள். கண் சிவந்திருந்தது.

உங்களை நான் மன்னித்துவிட்டேனா என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் பெற்றவன் என்ற முறையில் கேட்கிறேன். உங்களிடம் அவள் என்ன சொன்னாள்? என்னைப் பற்றியா? என் மீது இன்னும் கோபமா? நேற்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. ஒரு வரி எழுதினாலும் போதும்.

தனசேகரன்


18 ஜூலை 2025

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதம் இன்று வந்தது. காத்திருப்பீர்கள் என்று உடனே எழுதுகிறேன்.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வேலையில் என்னை உறுதிப்படுத்துவதை ஆறு மாதம் தள்ளிவைத்திருக்கிறார்கள். அதுவரை திரு ரகுபதி வாரம் ஒரு முறை என் வகுப்பில் பின்னால் உட்கார்ந்து கவனிப்பார். நேற்று வந்திருந்தார். பின்வரிசை மறுபடியும் சிரித்தது, இந்த முறை நான் சொன்ன நகைச்சுவைக்கு. இனியும் ரயிலில் அழ மாட்டேன் என்று சொல்ல முடியாது.

தேர்வு முடிந்து ஆசிரியர் அறை வாசலில் வைதேகி வந்து நின்றாள். "டீச்சர், ரெண்டு நிமிஷம் இருக்கா?" என்றாள். மேசையில் திருத்த வேண்டிய கட்டுரைகள் குவிந்திருந்தன, அதைப் பார்த்துவிட்டு, "பிஸின்னா பரவால்ல" என்று திரும்பப் போனாள். நான் கைபேசியை மேசையிலேயே வைத்துவிட்டு அவளோடு எழுந்து போனேன். சிற்றுண்டிச்சாலைக்குப் பின்னால் உள்ள பெஞ்சில் உட்கார்ந்தோம். இரண்டு நிமிடம் இல்லை, நாற்பது நிமிடம் பேசினாள், முழுக்கத் தமிழில். நான் நடுவில் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

அவள் என்ன சொன்னாள் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆபத்தானது எதுவும் இல்லை. இருந்திருந்தால் அன்றே உங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றிருப்பேன். அதற்கு மேல் ஒரு வரியும் எழுத மாட்டேன் ஐயா. கோபித்துக்கொள்ளுங்கள், முதல்வரிடம் போனாலும் போங்கள். நான் மட்டும்தான் கேட்பேன் என்று அவளிடம் சொல்லியிருந்தேன். இப்போதுதான் கேட்டேன்.

மற்றதை அவளிடமே கேளுங்கள். நாற்காலியைக் கொஞ்சம் கிட்டே போட்டுக்கொள்ளுங்கள், அவள் மெதுவாகத்தான் பேசுவாள்.

ருக்ஸானா